மலையேறும் ரயிலுக்கு மோட்டார் எங்கே இருக்க வேண்டும்?

2025 நவம்பர் இறுதியில் தித்வா புயல் வீசியபோது மலையக ரயில் பாதை பல இடங்களில் மண்ணோடு சரிந்தது. பாதையை மீளக் கட்டுவது பற்றிய பேச்சில் பாலம், மதகு, மண்சரிவுத் தடுப்பு ஆகியவை முன்னால் நிற்பது நியாயம்தான். ஆனால் கட்டி முடித்த பாதையில் எந்த மாதிரி ரயிலை ஓட்டப்போகிறோம் என்பதை யாரும் கேட்பதாகத் தெரியவில்லை. வழக்கம்போல ஒரு கனமான எஞ்சினை முன்னால் கட்டி, மோட்டாரே இல்லாத பெட்டிகளை அது இழுத்துப்போகும் என்று எல்லோரும் எடுத்துக்கொண்டுவிட்டார்கள். அந்த முடிவைத்தான் மறுபடி யோசிக்க வேண்டும். நாவலப்பிட்டியிலிருந்து பட்டிப்பொல வரை ஏறும் ரயிலுக்கு எஞ்சினின் குதிரைவலு எவ்வளவு என்பதைவிட, சில்லுகளைச் சுழற்றும் மின்மோட்டார்கள் எத்தனை, அவை தொடரில் எங்கெங்கே பொருத்தப்பட்டிருக்கின்றன என்பதுதான் முக்கியம். இனி வாங்கும் மலையகத் தொடர்களில் மோட்டார்கள் ஒரே இடத்தில் குவிந்திருக்கக் கூடாது. பயணிகள் பெட்டிகளின் அடியில் பரவியிருக்க வேண்டும்.

டீசல் ரயில் என்று நாம் சொல்வது பெரும்பாலும் உண்மையில் மின்சார ரயில்தான். 1954 முதல் கொழும்புத் திட்டத்தின் கீழ் கனடா தந்த எம்2 எஞ்சின்களும் சரி, 1979 வாக்கில் மேற்கு ஜெர்மனியின் ஹென்ஷெல் தொழிற்சாலையிலிருந்து வந்து இன்றும் மலையகத்தின் முதுகெலும்பாக நிற்கும் எம்6 எஞ்சின்களும் சரி, டீசலை எரித்து மின்சாரம் உண்டாக்கி, அதைச் சில்லுகளுக்கு அருகே உள்ள மோட்டார்களுக்குக் கொடுத்தே ஓடுகின்றன. எம்6-இன் அடியில் அச்சுகளைத் தாங்கும் சட்டகமான போகி ஒவ்வொன்றிலும் மூன்று அச்சுகள். முதலாவதிலும் மூன்றாவதிலும் மோட்டார் உண்டு, நடு அச்சில் இல்லை. எஞ்சினின் எடை தண்டவாளத்தை அதிகம் அழுத்தாதபடி பங்கு போட்டுக்கொள்வது மட்டுமே அந்த நடு அச்சின் வேலை. ஆகவே எஞ்சின் எடையில் மூன்றில் ஒரு பங்கு இழுவைக்குப் பயன்படாமலே மலையேறுகிறது. அக்காலப் பாதைக்கும் பாலங்களுக்கும் ஏற்ற நல்ல சமரசம் அது, குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அது சமரசம் என்பதை மறந்து அதையே இலக்கணமாக ஆக்கிக்கொண்டோம்.

கணக்கைப் போட்டுப் பார்ப்போம். மலையகப் பாதையின் கடும் ஏற்றம் 44 அடிக்கு ஓர் அடி. அதன்மேல் நிற்கும் ஒவ்வொரு டன்னையும் சுமார் 23 கிலோ விசை பின்னோக்கி இழுக்கும். வளைவுகளின் ஆரம் சில இடங்களில் ஐந்து செயின், அதாவது நூறு மீட்டர்தான். அங்கே சில்லு விளிம்பு தண்டவாளத்தில் உரசுவதால் டன்னுக்கு இன்னும் ஏழு கிலோ. சாதாரண உருளல் தடைக்கு மூன்று. ஆக, டன்னுக்கு 33 கிலோ விசை இருந்தால்தான் ரயில் நகரும். 90 டன் எஞ்சினும் நாற்பது டன் வீதம் ஆறு பெட்டிகளும் கொண்ட 330 டன் தொடருக்கு ஏறத்தாழ 11 டன் இழுவிசை வேண்டும். அதைத் தரவேண்டியது மோட்டார் உள்ள அச்சுகள் தாங்கும் 60 டன் மட்டுமே. அப்படியென்றால் சில்லுக்கும் தண்டவாளத்துக்கும் இடையிலான பிடிமானம் எடையில் 18 சதவீதம் இருந்தாக வேண்டும். உலர்ந்த தண்டவாளத்தில் அது கிடைக்கும். மூடுபனியும் தூறலும் யூக்கலிப்டஸ் இலைச்சாறும் படிந்த தண்டவாளத்தில் பிடிமானம் பத்து சதவீதத்துக்குக் கீழே போகக்கூடும். அப்போது குதிரைவலு எவ்வளவு இருந்தும் என்ன? சில்லு நின்ற இடத்தில் சுழலும், சாரதி மணலைத் தூவுவார், ரயில் நகராது. இதே ஆறு பெட்டிகளில் பாதி அச்சுகளுக்கு மோட்டார் பொருத்தி, அந்தக் கருவிகளால் ஒவ்வொரு பெட்டியும் 50 டன்னாகக் கனத்தது என்றே வைத்துக்கொள்வோம். தனி எஞ்சின் இல்லை, மொத்தம் 300 டன். தேவையான இழுவிசை பத்து டன், அதைத் தரும் எடை 150 டன். வேண்டிய பிடிமானம் ஏழு சதவீதத்தைக்கூட எட்டவில்லை. வழுக்கும் நாளிலும் ரயில் ஏறும். ஒரு மோட்டார் பழுதானால் எம்6 தன் இழுவையில் கால்வாசியை இழக்கும். இந்தத் தொடர் பன்னிரண்டில் ஒரு பங்கை மட்டும் இழக்கும்.

இது மலைக்குப் புதிய பாடமும் அல்ல. நீராவிக் காலத்தில் ஒரு எஞ்சின் போதாமல் பின்னால் இன்னொன்றைக் கட்டித் தள்ளினார்கள். பிறகு 1927-இலும் 1945-இலும் பேயர் கரட் எஞ்சின்களை வரவழைத்தார்கள். ஒரே கொதிகலனின் கீழ் இரண்டு தனித்தனிச் சில்லுத் தொகுதிகள், வளைவில் மடங்கிக்கொடுக்கும், எடையும் நீளத்துக்குப் பரவும். சில்லுகளைக் கூட்டு, எடையைப் பரப்பு என்பதே அன்றைய பொறியாளர்களின் வழி. மின்மோட்டாரோ அந்த வழியை முழுமையாகத் திறந்துவிட்டது. அமெரிக்கப் பொறியாளர் ஃபிராங்க் ஸ்பிரேக் 1888-இல் வர்ஜினியாவின் ரிச்மண்ட் நகரில் ஓடவிட்ட டிராம்களில் மோட்டாரின் ஒரு பக்கத்தைத் தாங்கிகள் வழியாக அச்சின்மேலேயே உட்காரவைத்தார். மறுபக்கத்தில் நீட்டிக்கொண்டிருக்கும் மூக்கை போகியின் சட்டத்தில் சுருள்வில் போட்டுத் தொங்கவிட்டார். தள்ளுவண்டியின் பாரத்தைச் சில்லும் ஆளின் கையும் பகிர்ந்துகொள்வது போன்ற ஏற்பாடு. அச்சு குலுங்கினால் மோட்டாரும் அதனோடு சேர்ந்து அசைவதால் பற்சக்கரங்கள் ஒன்றைவிட்டு ஒன்று விலகுவதில்லை. எளிமையும் உறுதியும் உள்ள இந்த முறைதான் இன்றும் உலகின் பெரும்பாலான டீசல் எஞ்சின்களில் உள்ளது. 1897-இல் சிக்காகோவின் உயர்பாதை ரயிலுக்காக அதே ஸ்பிரேக் பல பெட்டிகளின் மோட்டார்களை ஒரே சாரதி ஒரே கைப்பிடியால் இயக்கும் முறையை அமைத்தார். அதன்பிறகு மோட்டார்களை ஒரு எஞ்சினுக்குள் அடைத்தே தீரவேண்டும் என்ற கட்டாயம் உலகத்தில் எங்கும் இல்லை.

ஸ்பிரேக்கின் முதல் முறையில் ஒரு குறை உண்டு. பெரிய எஞ்சினின் மோட்டார் மூன்று டன்னை நெருங்கும். அதில் ஏறத்தாழ பாதி எந்தச் சுருள்வில்லும் இல்லாமல் நேராக அச்சின்மேல் நிற்கிறது. தண்டவாள மூட்டு ஒவ்வொன்றிலும் அந்தப் பாரம் சம்மட்டியாக விழுகிறது. அதனால் சிலிப்பர் கட்டை தளர்கிறது, சல்லிக்கல் அமிழ்கிறது, மோட்டாரின் தாங்கிகளும் சேதமாகின்றன. இதற்கு மாற்று, மோட்டார் முழுவதையும் போகிச் சட்டத்தில் இறுக்கி, வளைந்துகொடுக்கும் இணைப்பு வழியாகப் பற்சக்கரப் பெட்டிக்குச் சுழற்சியைக் கடத்துவது. 1995-இல் இந்தியாவுக்கு வந்த வாப்-5 எஞ்சின்களில் அப்படித்தான். சென்னை பெரம்பூர் ஐ.சி.எஃப். தொழிற்சாலை 2018-இல் உருவாக்கிய வந்தே பாரத் தொடரில் எஞ்சினே இல்லை. பதினாறு பெட்டிகளில் பாதிக்கு மோட்டார் உண்டு. நம்முடைய அதே 1,676 மில்லிமீட்டர் அகலப் பாதையில் அது ஓடுகிறது. மணிக்கு முப்பது கிலோமீட்டரில் ஊரும் மலை ரயிலுக்குச் சம்மட்டி அடி அவ்வளவு பெரிய பிரச்சினையா என்று ஒரு பொறியாளர் கேட்கலாம். நியாயமான கேள்வி. வேகம் குறையக் குறைய அடியும் குறையும் என்பதால் மோட்டாரை முழுமையாகத் தொங்கவிடும் முறையை மலைக்கான முதற்காரணமாக நான் சொல்லவில்லை. முதற்காரணம் பிடிமானம், அடுத்தது அச்சுப் பாரம். ஆனால் பதுளைக்குப் போகும் ரயில் கொழும்பிலிருந்து ரம்புக்கணை வரை சமவெளியில் வேகமாக ஓடித்தான் மலைக்கு வருகிறது. அந்தப் பகுதிக்கு முழுமையாகத் தொங்கும் மோட்டார் தேவை.

மலையகத்தில் ரயிலை யாருக்காக ஓட்டுகிறோம் என்ற கேள்விக்கும் இதற்கும் நேரடித் தொடர்பு இருக்கிறது. இந்தப் பாதை கோப்பிக்காகத் தொடங்கித் தேயிலைக்காக நீண்டது: 1874-இல் நாவலப்பிட்டி, 1885-இல் நானுஓயா, 1924-இல் பதுளை. இன்று தேயிலை லொறியில் போகிறது, எல்ல வரை போகும் கோச்சியின் ஜன்னல்களைச் சுற்றுலாப் பயணிகள் நிறைக்கிறார்கள். அவர்கள் வருவதில் தவறில்லை. ஆனால் வட்டகொடையிலிருந்து ஹட்டனுக்குப் படிக்கப் போகும் பிள்ளைக்கும், கொட்டகலையிலிருந்து நாவலப்பிட்டி ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டிய தோட்டத் தொழிலாளிக்கும் வேண்டியது நாளுக்குப் பலமுறை வரும் சிறிய ரயில். தனி எஞ்சின் முறையில் மூன்று பெட்டிக்கும் ஒரு முழு எஞ்சின் வேண்டும், அதனால் அப்படி ஒரு சேவை கட்டுப்படியாகாது என்று கைவிடப்படுகிறது. மோட்டார் பெட்டியடியில் இருந்தால் மூன்று பெட்டி ஒரு முழுமையான ரயில். காலையில் இரண்டு மூன்றைச் சேர்த்து ஆறாகக் கொழும்புக்கு அனுப்பலாம், மற்ற நேரத்தில் பிரித்து நாவலப்பிட்டிக்கும் நானுஓயாவுக்கும் இடையே ஓடவிடலாம். முனை நிலையத்தில் எஞ்சினைக் கழற்றி மறுபக்கம் கொண்டுவரும் நேரமும் மிச்சம். 2012 அளவிலும் 2019-இலும் சீனாவிலிருந்து வந்த எஸ்12, எஸ்14 தொடர்கள் முனைகளில் சக்திப் பெட்டிகளை வைத்து இந்த வழியில் ஓர் எட்டு எடுத்தன. இடையிலுள்ள பெட்டிகளுக்கு மோட்டார் இல்லாததால் அந்த எட்டு பாதியில் நின்றுவிட்டது.

எதிர்வாதங்களில் கனமானது பராமரிப்பு. நான்கு மோட்டாரைப் பார்த்துக்கொள்ளவே திணறும் திணைக்களம் பன்னிரண்டை எப்படிப் பார்க்கும்? பழைய நேர்மின் மோட்டாராக இருந்தால் இந்தக் கேள்விக்குப் பதிலில்லை. அவற்றில் கார்பன் பிரஷ் தேயும், சேர்ந்த தூளை ஊத வேண்டும், ஈரம் புகுந்தால் உள்ளே தீப்பொறி பறக்கும். ஹட்டனின் மழைக்கு அது ஒத்துவராது. இன்றைய மும்முனை மோட்டாரில் பிரஷ்ஷே கிடையாது; சுழலும் பாகத்துக்கு வெளியிலிருந்து எந்த மின்தொடுகையும் இல்லை. கவனம் கேட்பவை தாங்கிகள், பற்சக்கர எண்ணெய், கட்டுப்பாட்டு மின்னணுப் பெட்டிகள். கடைசியானதற்கு நம் தொழிற்சாலைகளில் ஆள் பழக வேண்டும் என்பது உண்மை. வாங்கும் ஒப்பந்தத்திலேயே பயிற்சியையும் உதிரிப்பாகத்தையும் எழுதிக்கொள்ளாவிட்டால் புதுத் தொடர்கள் சில ஆண்டுகளில் கொட்டகைக்குள் நிற்கும். சரக்குக்கும் எண்ணெய்த் தாங்கிகளுக்கும் தனி எஞ்சின்தான் வசதி என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். எம்6-களை அதற்கு வைத்துக்கொள்ளலாம்.

அடுத்தது, மின்சாரம் எங்கிருந்து வரும் என்பது. பொறியாளர் டி. ஜே. விமலசுரேந்திர 1918-இலேயே மஸ்கெலியா ஓயா நீரிலிருந்து மின்சாரம் எடுக்கலாம் என்று கணக்குக் காட்டியவர். ரயிலை மின்மயமாக்கும் யோசனையை 1928-இல் முன்வைத்தவரும் அவரே. லக்சபான நீர்மின் நிலையம் 1950-இல் இயங்கத் தொடங்கியது, மேல் கொத்மலை 2012-இல். நீர்த்தேக்கங்களுக்காகத் தோட்டங்கள் நீரில் மூழ்கின, தலவாக்கலையில் குடும்பங்கள் வேறிடம் பெயர்ந்தன. அந்த மின்சாரம் கொழும்புக்குப் போகிறது, தலவாக்கலை நிலையத்தைக் கடக்கும் ரயிலோ டொலர் கொடுத்து இறக்கிய டீசலை எரிக்கிறது. 2022-இல் டீசலுக்காக நாடே வரிசையில் நின்றது. முதலாம் உலகப் போரில் நிலக்கரி கிடைக்காமல் தவித்த சுவிட்சர்லாந்து தன் ஆல்ப்ஸ் நீரைக் கொண்டு 1920-இல் கொத்தார்ட் மலைப்பாதையை மின்சாரத்துக்கு மாற்றியது. அதன் ஏற்றம் நம்முடையதைவிடக் கடுமையானது. நம் பாதையில் நாற்பதுக்கும் மேற்பட்ட சுரங்கங்கள் இருக்கின்றன, ஹட்டனுக்கும் கொட்டகலைக்கும் இடையிலுள்ள சிங்கமலைச் சுரங்கம் போன்றவற்றில் உயரத்தில் கம்பி இழுக்க இடம் நெருக்கடி என்பார்கள். உண்மைதான், கடன் சுமையில் இருக்கும் நாடு முழுப் பாதைக்கும் ஒரேயடியாகக் கம்பி போடவும் முடியாது. ஆனால் மோட்டாரை எங்கே வைப்பது என்பது கம்பிக்காகக் காத்திருக்க வேண்டிய முடிவல்ல. இங்கிலாந்தின் கிழக்குப் பகுதியில் 2019 முதல் ஓடும் ஸ்டாட்லர் தொடர்களில் டீசல் ஜெனரேட்டர் நடுவே ஒரு தனிக் குறும்பெட்டியில் இருக்கிறது. கம்பி உள்ள இடத்தில் அதே மோட்டார்கள் கம்பியின் மின்சாரத்தில் ஓடும். ஜப்பானின் கரசுயாமா கிளைப்பாதையில் 2014 முதல் பேட்டரி ரயில் முனை நிலையத்தில் மின்னேற்றிக்கொண்டு கம்பியில்லாத பாதையில் போய்வருகிறது. நாமும் ஜெனரேட்டரோடு தொடங்கி, பிறகு பேட்டரி சேர்த்து, திறந்தவெளிப் பகுதிகளில் மட்டும் கம்பி இழுத்து, சுரங்கங்களைப் பேட்டரியில் கடக்கலாம்.

இறக்கத்தையும் கணக்கில் எடுக்க வேண்டும். கடல்மட்டத்திலிருந்து 1,898 மீட்டரில் பட்டிப்பொலவுக்கு அருகே இருக்கும் உச்சியிலிருந்து சுமார் 600 மீட்டரிலுள்ள நாவலப்பிட்டிக்கு 300 டன் தொடர் இறங்கும்போது வெளிப்படும் ஆற்றல் 1,000 யூனிட்டுக்கு மேல். இன்று அது பிரேக் கட்டைகளிலும் எஞ்சினின் மின்தடைகளிலும் வெப்பமாகிக் காற்றில் கலக்கிறது. மோட்டார்கள் பல இருந்தால் அவையே ஜெனரேட்டராக மாறிப் பிடித்து நிறுத்தும். அதில் பாதியை பேட்டரி சேமித்தாலும் அடுத்த ஏற்றத்துக்கு நல்ல கைமுதல், பிரேக் கட்டைச் செலவும் குறையும். வறட்சிக் காலத்தில் நீர்மின்சாரம் இறங்கி நுரைச்சோலை நிலக்கரியை நம்ப வேண்டிவரும் என்பது சரி. அந்த மாதங்களிலும் இந்தச் சேமிப்பு நிற்காது.

ஆகவே அடுத்த கேள்விப்பத்திரத்தில் புகையிரதத் திணைக்களம் குதிரைவலுவைக் கேட்டு நிறுத்திக்கொள்ளக் கூடாது. குறைந்தது பாதி அச்சுகளில் மோட்டார், அவை முழுமையாகப் போகிச் சட்டத்தில் தொங்க வேண்டும், மூன்று பெட்டியாகப் பிரித்து ஓட்ட முடிய வேண்டும், பின்னாளில் கம்பியோ பேட்டரியோ இணைக்க இடம் விட்டிருக்க வேண்டும் என்று எழுத வேண்டும். சோதனை ஓட்டத்தையும் கொழும்பு ஓரத்துச் சமவெளியில் முடித்துக் கையெழுத்துப் போடக் கூடாது. மழைநாளில், வட்டகொடைக்கும் நானுஓயாவுக்கும் நடுவே ஏற்ற வளைவில், முழுப் பயணிகளின் எடையோடு, இரண்டு மோட்டார்களை அணைத்துவிட்டு, நின்ற நிலையிலிருந்து புறப்பட்டுக் காட்டும் தொடருக்கே பணம் கொடுக்க வேண்டும்.