துக்க வீட்டில் வாயை மூடுவோம்

கல்லறைத் திருநாள் வருகிறது. நவம்பர் 2 அன்று நாமெல்லாம் மெழுகுவர்த்தியும் பூவுமாகக் கல்லறைக்குப் போவோம். அதற்கு முன் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். சிலருக்குக் கோபம் வரும். வரட்டும்.

நம் கிறிஸ்தவர்கள் துக்க வீட்டில் சொல்லும் ஆறுதல், பல நேரம் சாவை விடக் கொடுமையாக இருக்கிறது. "ஆண்டவர் சோதிக்கிறார்." "தாங்குகிறவர்களுக்குத்தான் சிலுவை கொடுப்பார்." "தோட்டத்தில் நல்ல பூவைத்தான் முதலில் பறிப்பார்." எத்தனை தடவை கேட்டிருப்பீர்கள்! பெற்ற தாயின் மடியிலிருந்து பிள்ளையைப் பூப்பறிக்கிற மாதிரி பறித்துக்கொண்டு போகிறவரையா நாம் தகப்பன் என்று கூப்பிடுகிறோம்? சொல்கிறவர் நல்ல எண்ணத்தில்தான் சொல்கிறார். ஆனால் கேட்கிறவள் மனசில் கடவுள் எப்படி நிற்பார் என்று யோசிப்பதில்லை.

எங்கள் தெருவில் ஒரு தாய். வாலிப வயது மகன் காய்ச்சலில் நாலே நாளில் போய்விட்டான். ஜெபம் சொல்ல வந்த ஒருவர், அவள் "சாமிக்குக் கண்ணில்லையா?" என்று கதறியதைக் கேட்டுவிட்டு, "அப்படியெல்லாம் பேசக்கூடாதும்மா, பாவம். உன் விசுவாசம் உறுதியா இருந்திருந்தா ஜெபம் பலிச்சிருக்கும்" என்றார். அன்றிலிருந்து அந்த அம்மாள் கோவில் படி ஏறவில்லை. அவர் மட்டும் இன்றைக்கும் வீடு வீடாகப் போய்க்கொண்டிருக்கிறார்.

இவர் யோபு ஆகமத்தை முழுசாகப் படித்திருக்க மாட்டார். எலிப்பாசு, பில்தாது, சோப்பார் என்று மூன்று நண்பர்கள் யோபுவைப் பார்க்க வந்தார்கள். ஏழு நாள், ஏழு இரவு ஒரு வார்த்தை பேசாமல் அவரோடு தரையில் உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள் செய்த நல்ல காரியம் அது ஒன்றுதான். பிறகு வாயைத் திறந்தார்கள். நீ ஏதோ தப்பு செய்திருக்க வேண்டும், கடவுள் காரணமில்லாமல் அடிக்கமாட்டார் என்று பக்கம் பக்கமாக நியாயம் பேசினார்கள். யோபுவோ கடவுளோடு வழக்காடினார். பிறந்த நாளையே சபித்தார். கடைசியில், 42ஆம் அதிகாரத்தில், கடவுள் யார் மேல் கோபப்படுகிறார்? தமக்காக வக்காலத்து வாங்கிய நண்பர்கள் மேல். யோபு பேசியதுதான் சரி என்கிறார். அந்த நண்பர்களுக்காக யோபுதான் மன்றாட வேண்டியிருந்தது.

சங்கீதங்களை எடுத்துக்கொள்ளுங்கள். 88ஆம் சங்கீதம் (பழைய வேதாகமத்தில் 87) இருட்டில் ஆரம்பித்து இருட்டிலேயே முடிகிறது. ஆறுதலாக ஒரு வரி கடைசியில் சேர்க்கவில்லை. இருந்தும் அதை யாரும் வேதத்திலிருந்து எடுத்துப் போடவில்லை.

சிலுவைக்கு வருவோம். மத்தேயு, மாற்கு இருவருமே சிலுவையில் ஆண்டவர் பேசியதாக ஒரே ஒரு வாக்கியத்தைத்தான் எழுதி வைத்தார்கள். அது, ஏன் என்னைக் கைவிட்டீர் என்று தந்தையைக் கேட்ட கேள்வி. கிரேக்கத்தில் எழுதியவர்கள் அந்த வாக்கியத்தை அவர் வாயில் வந்த அரமேயத்திலேயே விட்டு, பிறகு பொருள் சொன்னார்கள். எனக்கு இது புரிகிறது. நான் பள்ளியில் படித்ததெல்லாம் பிரெஞ்சு. ஆனால் இடுப்பு எலும்பு முறிந்து விழுந்தபோது "அம்மா" என்றுதான் வந்ததே தவிர "மோன் தியே" என்று வரவில்லை.

இதற்கும் படித்தவர்கள் ஒரு சமாதானம் வைத்திருக்கிறார்கள். அது 22ஆம் சங்கீதத்தின் முதல் அடி, அந்தச் சங்கீதம் புகழ்ச்சியில் முடிகிறது, ஆகவே அவர் உண்மையில் புலம்பவில்லை என்பார்கள். புகழ்ச்சியில் முடிகிறது, வாஸ்தவம். ஆனால் அவர் சொன்னது முதல் அடியைத்தானே? கடைசி அடியை அல்லவே!

புனிதர்களுக்கு இப்படி வருமா என்று கேட்பீர்கள். நம் கோவில்களில் ரோஜாப் பூவோடு சிரித்துக்கொண்டு நிற்கும் குழந்தை தெரேசம்மாளைப் பாருங்கள். 1896ஆம் ஆண்டு பெரிய வியாழன் இரவு முதல் தடவையாக இரத்தம் கக்கினார். அந்த ஈஸ்டரிலிருந்து மோட்சம் என்று ஒன்று உண்டா என்ற இருட்டு அவரைப் பிடித்துக்கொண்டது. 1897 செப்டம்பர் 30 அன்று, 24 வயதில் இறக்கும்வரை அது விலகவில்லை. அந்த இருட்டில் விசுவாசப் பிரமாணத்தைத் தன் இரத்தத்தால் எழுதி நெஞ்சோடு வைத்துக்கொண்டார். மனசில் ஒரு உணர்ச்சியும் இல்லாதபோது கை எழுதியது. அன்னை தெரேசாவின் கடிதங்கள் 2007இல் புத்தகமாக வந்தபோது, ஏறக்குறைய ஐம்பது வருஷம் அவரும் அதே இருட்டில் நடந்தார் என்று தெரிந்தது. விசுவாசம் குறைவு என்று இவர்களிடம் போய் யார் சொல்வது?

பிரெஞ்சில் படித்த என் வயசுக்காரர்களுக்கு வோல்தேர் ஞாபகம் வரும். 1755 நவம்பர் 1, சகல புனிதர்கள் திருநாள் காலையில் ஜனங்கள் கோவிலில் இருக்கும்போது லிஸ்பனில் பூமி அதிர்ந்தது. பிறகு கடல் ஏறியது, நெருப்பும் பிடித்தது. எல்லாம் நன்மைக்கே என்று தத்துவம் பேசியவர்களைத் தாக்கி அவர் ஒரு கவிதை எழுதினார். வோல்தேர் நம்ம கட்சி இல்லை. ஆனாலும் இந்த ஒரு விஷயத்தில் அவர் யோபுவின் பக்கம். 2004 டிசம்பர் 26 ஞாயிற்றுக்கிழமை வேளாங்கண்ணிக் கரையில் எத்தனை யாத்திரிகர்களைக் கடல் கொண்டுபோனது! கோவிலுக்குள் தண்ணீர் வரவில்லை, மாதா காப்பாற்றினாள் என்று நம்மில் பலர் பெருமையாகச் சொன்னோம். கரையில் செத்தவர்களும் மாதாவைப் பார்க்க வந்தவர்கள்தானே? அவர்கள் வீட்டார் காதில் அந்தப் பேச்சு எப்படி விழுந்திருக்கும்?

அப்படியானால் கடவுளை நம்புவது என்றால் என்ன? நான் அரசு அலுவலகத்தில் வருஷக் கணக்கில் மனு வாங்கிப் பதிவேட்டில் ஏற்றியவன். ஒன்று சொல்கிறேன். உள்ளே பதில் சொல்ல வேண்டியவர் ஒருவர் இருக்கிறார் என்று நம்புகிறவன்தான் மனு கொடுப்பான். பதில் வரவில்லை என்றால் நினைவூட்டு மனு கொடுப்பான். கோபமாக எழுதுவான், மறுபடி வந்து நிற்பான். நம்பிக்கை போனவன் வரமாட்டான், டீக்கடையில் உட்கார்ந்து சர்க்காரைத் திட்டுவான். லூக்கா நற்செய்தி 18ஆம் அதிகாரத்தில், நீதிபதியை விடாமல் தொந்தரவு செய்த விதவையைத்தான் ஆண்டவர் நமக்கு உதாரணமாகக் காட்டினார். "எங்கே போனாய்?" என்று கடவுளையே பார்த்துக் கேட்கிறவள் அவரை விட்டுப் போகவில்லை. அவர் வாசலில்தான் நிற்கிறாள். அவளை வாசலிலிருந்து விரட்டுகிறவர்கள் நாம்தான்.

பதில் உடனே வரும் என்று நான் சொல்லவில்லை. பெரிய வெள்ளிக்கும் உயிர்ப்பு ஞாயிறுக்கும் நடுவில் ஒரு சனிக்கிழமை இருக்கிறது. அன்று பகலில் பூசை கிடையாது, பீடம் வெறுமையாகக் கிடக்கும். திருச்சபையே அன்று ஒன்றும் பேசாமல் கல்லறையோரம் காத்திருக்கிறது. நமக்குத்தான் அந்தச் சனிக்கிழமை பொறுப்பதில்லை. பிணம் வீட்டில் இருக்கும்போதே ஞாயிற்றுக்கிழமை அல்லேலூயாவைப் பாடச் சொல்கிறோம். ஞாயிறு வரும் என்று நானும் நம்புகிறேன். அதை அவசரப்படுத்த எனக்கும் உங்களுக்கும் அதிகாரம் இல்லை.

ஆகவே பெரியவர்களே, அடுத்த தடவை துக்க வீட்டுக்குப் போனால் முதல் ஏழு நாள் யோபுவின் நண்பர்களைப் போல இருங்கள், எட்டாம் நாள் அவர்களைப் போல இருக்காதீர்கள். அடுப்பு மூட்டாத வீட்டுக்கு ஒரு பாத்திரம் கஞ்சி கொண்டுபோங்கள். இறப்புச் சான்றிதழுக்கு நகராட்சியில் வரிசையில் நில்லுங்கள். வாரிசுச் சான்றிதழுக்கும் பென்ஷனுக்கும் என்னென்ன காகிதம் வேண்டும் என்று எழுதிக் கொடுங்கள். மற்றவர்கள் வருவதை நிறுத்திய பிறகு, நாற்பது நாள் கழித்து, ஒரு தடவை போய் உட்காருங்கள். அவள் கடவுளைத் திட்டினால் திட்டட்டும். அவர் கேட்டுக்கொள்வார், அவருக்காக நாம் பதில் சொல்ல வேண்டியதில்லை.