போப் ஆண்டவரா, திருத்தந்தையா?

2025 ஏப்ரல் 21-ஆம் தேதி பிரான்சிஸ் காலமான செய்தி வந்தது. அரியலூர், பெரம்பலூர் டீக்கடைகளில் பேப்பர் பார்த்தவர்கள் 'போப்' என்றோ 'போப் ஆண்டவர்' என்றோ சொன்னார்கள். மாதா கோயில் பூசையில் 'திருத்தந்தை' என்றார் சாமியார். இலங்கைச் செய்திகளில் 'பாப்பரசர்'. ஆள் ஒருவர்தான், பெயர் மட்டும் ஏன் இத்தனை?

எல்லாவற்றுக்கும் வேர் ஒன்றே. கிரேக்கத்தில் 'பாப்பாஸ்', லத்தீனில் 'பாப்பா'. குழந்தை தகப்பனைக் கூப்பிடும் சொல் அது, நம் 'அப்பா' மாதிரி. தமிழில் பாப்பா என்றால் குழந்தை. ரோமில் பாப்பா என்றால் தகப்பன்! ஆரம்ப நூற்றாண்டுகளில் எல்லா ஆயர்களையும் அப்படித்தான் அழைத்தார்கள். மேற்குத் திருச்சபையில் அது ரோம் ஆயருக்கு மட்டும் என்று உறுதியானது 11-ஆம் நூற்றாண்டில். எகிப்தின் காப்டிக் திருச்சபைத் தலைவருக்கு இன்றும் போப் என்றே பெயர்.

பாப்பாவோடு அரசர் சேர்ந்து 'பாப்பரசர்' ஆனது. 'இறை' சேர்ந்து 'பாப்பிறை' ஆனது. இங்கே இறை என்றால் கடவுள் அல்ல, தலைவர். ஆங்கிலம் வழியாக வந்தது 'போப்'. திருக்குறளை ஆங்கிலத்தில் தந்த ஜி.யு. போப்புக்கு அது குடும்பப் பெயர்; அவர் கத்தோலிக்கரே அல்ல.

சிக்கல் 'ஆண்டவர்' என்பதில். "அவரைச் சாமியாவே கும்பிடுறீங்களா?" என்று பக்கத்து வீட்டுக்காரர் கேட்பதற்கு இந்த ஒரு சொல் போதும். ஆண்டவர் என்பது கடவுளுக்கும் பெயர், 'ஆளுகிறவர்' என்ற மரியாதைச் சொல்லும்கூட. நாகூர் ஆண்டவர் என்று சொல்கிறோம், அந்த வழக்கில் வந்ததுதான் இதுவும். கத்தோலிக்கர்கள் போப்பை வழிபடுவதில்லை. திருச்சபையின் தலைவராக மதிக்கிறார்கள். ஆயர்களுக்குச் சொல்லும் 'ஆண்டகை' வேறு சொல், பெருந்தகையாளர் என்று பொருள். இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

'திருத்தந்தை'தான் மூலச்சொல்லுக்குப் பக்கத்தில் நிற்கிறது. பாப்பா என்றால் தந்தை; அதற்கு முன்னால் ஒரு 'திரு'. அவ்வளவுதான்.

இப்படி வந்த சொல்லைத் தமிழாக்கிக்கொள்வது அரியலூர் மாவட்டத்துக்குப் புதிதில்லை. ஏலாக்குறிச்சி அடைக்கல மாதா கோயிலோடு சேர்ந்தே நினைக்கப்படுகிறவர் இத்தாலியில் 1680-ல் பிறந்த கான்ஸ்டன்டைன் ஜோசப் பெஸ்கி. கான்ஸ்டன்டைன் என்பதில் உறுதி என்ற பொருள் இருக்கிறது. அதனால் தைரியநாதர் ஆனார். அதுவும் வடமொழிச் சாயலாகத் தெரிய, வீரமாமுனிவர் ஆனார். ஜோசப்பை ஊர் 'சூசையப்பர்' என்றது. அவரோ தேம்பாவணியில் 'வளன்' என்று பாடினார். ஏலாக்குறிச்சிக்கும் 'திருக்காவலூர்' என்று பெயர் வைத்தார். பாப்பா, பாப்பரசராகித் திருத்தந்தையானதும் அதே பாதைதான்.

எங்கே எதைச் சொல்வது? செய்தியில் போப் என்பது எல்லோருக்கும் புரியும். கத்தோலிக்க வீட்டு விசேஷத்திலோ கோயில் விழாவிலோ பேசுகிறவர் திருத்தந்தை என்றால் கேட்பவர்களுக்கு மனம் நிறையும். பதவியோடு சேர்ந்த நிறுவனங்களுக்குப் பாப்பிறை பொருந்தும்: பாப்பிறை குருமடம். உயிரோடு இருப்பவரைப் 'புனித போப்' என்று எழுதுவது தவறாகப் புரிந்துகொள்ளப்படும்; புனிதர் என்பது இறந்தபின் திருச்சபை ஆய்ந்து தரும் பட்டம். 1986-ல் சென்னைக்கு வந்த இரண்டாம் யோவான் பவுல் அன்று திருத்தந்தை. 2014-க்குப் பிறகுதான் புனிதர்.

இன்னொரு செய்தி. ஒவ்வொரு பூசையிலும் திருத்தந்தையின் பெயரையும் மறைமாவட்ட ஆயரின் பெயரையும் சொல்லி மன்றாடுவது முறை. பிரான்சிஸ் இறந்ததிலிருந்து மே 8-ஆம் தேதி 14-ஆம் லியோ தேர்வாகும் வரை, உலகம் முழுக்க அந்த இடத்தில் திருத்தந்தையின் பெயர் சொல்லப்படவில்லை. ரோமிலும் அப்படித்தான், ஏலாக்குறிச்சியிலும் அப்படித்தான். தகப்பன் இல்லாத வீடு என்று அந்த நாட்களைச் சொன்னால், அந்தச் சொல்லின் பொருள் அகராதி இல்லாமலே புரிந்துவிடும்.