'டேக்' என்றால் 'எடு' மட்டுமா?

பன்வில பக்கம் ஆங்கில டியூஷன் வகுப்புகளில் பிள்ளைகளின் கொப்பியைப் புரட்டினால் முதல் பக்கத்திலேயே ஒரு பட்டியல் இருக்கும். கோ என்றால் போ, கம் என்றால் வா, புட் என்றால் போடு, டேக் என்றால் எடு. ஒரு வினைக்கு ஒரு தமிழ்ச் சொல். இப்படிச் சில நூறு வினைகளை மனப்பாடம் பண்ணிவிட்டால் பிள்ளை ஆங்கிலம் பேசிவிடும் என்று டீச்சரும் நம்புகிறார், காசு கட்டும் பெற்றோரும் நம்புகிறார்கள். கூடவே இன்னொரு நம்பிக்கையும் உண்டு: தேயிலைத் தோட்டத்துப் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் ஏறாமல் போவதற்கு அவர்களுடைய பேச்சுத் தமிழே காரணம், அதை மறந்தால்தான் உருப்படுவார்கள்.

இரண்டும் தவறு. 'டேக்' ஒன்றை வைத்தே காட்டலாம்.

"எங்கம்மா கொழுந்து எடுக்குறாங்க" என்பதைப் பட்டியல்படி ஆங்கிலமாக்குங்கள். "மை மதர் டேக்ஸ் டீ" என்று எழுதினால், அம்மா தேத்தண்ணி குடிக்கிறார் என்று அர்த்தம். அதுவும் பங்களா வராந்தாவில் உட்கார்ந்து குடிக்கிற தோரணை. சரி, கொழுந்து என்பதை விடாமல் "டேக்ஸ் டீ லீவ்ஸ்" என்று எழுதினால், கொழுந்தை அள்ளிக்கொண்டு போகிறார் என்றாகும். வாசிக்கிறவருக்குத் திருட்டுச் சந்தேகம்கூட வரலாம். காலையில் வேலை பிரித்துக் கொடுக்கும் பெரட்டுக்களத்தில் நின்று, படங்கைக் கட்டிக்கொண்டு மலையேறி, இரண்டு இலையும் ஓர் அரும்புமாக விரல்களுக்கிடையே ஒடித்து ஒடித்துக் கூடையில் போடுகிறவரின் வேலைக்கு ஆங்கிலத்தில் வேறு வினை இருக்கிறது: 'ப்ளக்'. நம் 'எடு' அந்த இடத்தில் 'டேக்' அல்ல.

மறுபக்கமும் அப்படித்தான். ஆங்கிலத்தில் மருந்தை 'டேக்' பண்ணுவார்கள், நாம் குடிக்கிறோம். லீவை 'டேக்' பண்ணுவார்கள், நாம் போடுகிறோம். பிள்ளையை ஆஸ்பத்திரிக்கு 'டேக்' பண்ணுவார்கள். நாம் கூட்டிக்கொண்டு போகிறோம். படம், கடன், முடிவு மூன்றிலும் இரு மொழியும் ஒத்துப்போகின்றன, அங்கே 'எடு' பொருந்தும். ஆக, 'டேக்'குக்குத் தனியாக ஒரு பொருள் கிடையாது. பக்கத்தில் நிற்கும் பெயர்ச்சொல்தான் அதன் பொருளைத் தீர்மானிக்கிறது. மருந்தோடு சேர்த்து, லீவோடு சேர்த்து, பஸ்ஸோடு சேர்த்துத்தான் அதைப் படிக்க முடியும்.

'எடு' மட்டும் ஒரே பொருளில் நிற்கிறதா என்ன? பன்விலச் சந்தியில் "வத்தேகமைக்குப் பஸ் எடுங்க" என்றால், அந்தப் பஸ்ஸில் ஏறிப் போகச் சொல்கிறார்கள். "பஸ்ஸ எடுத்துட்டான்" என்றால், போச்சு, நம்மை விட்டுவிட்டுக் கிளம்பிவிட்டது. சோதனை எடுப்பது எழுதுவது, சம்பளம் எடுப்பது வாங்குவது. பொழுது சாய மடுவத்தில் கொழுந்து நிறுக்கும்போது 'போடு'வின் முறை. கிலோ குறைந்தால் "அரைப்பேர் போட்டுட்டாங்க" என்று முகம் சுருங்கும். பேரை யாரும் பாதியாக வெட்டுவதில்லை. பாதி நாள் சம்பளம் என்பதுதான் அதன் பொருள். இதை 'புட்' வைத்து எந்த வெள்ளைக்காரனுக்கும் புரியவைக்க முடியாது. ஆனால் லயத்தில் வளரும் எட்டு வயதுப் பிள்ளைக்கு யாரும் சொல்லிக் கொடுக்காமலே புரியும்.

தொலைபேசியில் சிக்கல் இன்னும் கூடுதல். "நான் ஒங்களுக்குக் கோல் எடுக்குறேன்" என்று நம்மூரில் சொன்னால், நானே அழைக்கிறேன் என்று பொருள். சிங்களத்திலும் அதே கதைதான், அங்கே 'கன்னவா'. தமிழ்நாட்டுக்காரரிடம் "போனை எடு" என்றால், மணி அடிக்கிறது, எடுத்துப் பேசு என்கிறீர்கள். கண்டியில் வேலை பார்க்கும் பையன் இதை ஆங்கிலமாக்கி "ஐ வில் டேக் எ கோல்" என்று சொன்னால், லண்டன்காரர் இவனுக்கு வேறு எங்கிருந்தோ அழைப்பு வருகிறது என்று நினைப்பார். இந்திய அலுவலகக்காரரோ, ஏதோ முடிவெடுக்கப் போகிறான் என்று எடுத்துக்கொள்வார். பையன் பட்டியலில் இருந்ததைத்தான் சொன்னான். பட்டியல்தான் அவனைக் கைவிட்டது.

'டேக்', 'கெட்' எல்லாம் சின்னப் பிள்ளை வார்த்தை, பெரிய பெரிய சொல்லாகப் படி என்று சொல்கிறவர்களும் இருக்கிறார்கள். உண்மை நேர்மாறானது. ஆக்ஸ்ஃபோர்ட் ஆங்கிலப் பேரகராதியின் 1989ஆம் ஆண்டுப் பதிப்பில் மிக நீளமான பதிவு மூன்றெழுத்துச் சொல்லான 'செட்'. பிறகு நடந்த திருத்தத்தில் இன்னொரு மூன்றெழுத்துச் சொல் அதை முந்தியது: 'ரன்', வினையாக மட்டும் 645 பொருள். 'ஃபோட்டோசிந்தசிஸ்' போன்ற சொல்லுக்கு ஒரே பொருள்தான், ஒருநாள் பாடத்தில் முடிந்துவிடும். கஷ்டமெல்லாம் குட்டிச் சொற்களிடம்தான்.

"டேக் கெயார் பண்ணு" என்று பேசித் தமிழைக் கெடுக்கிறார்கள் என்ற புலம்பலுக்கு அதிகம் சொல்ல வேண்டியதில்லை. 'டேக்' ஆங்கிலத்துக்கே இரவல் சொல். வடக்கிலிருந்து வந்திறங்கிய நோர்ஸ் மொழிக்காரர்கள் விட்டுப்போனது. ஆங்கிலத்தின் சொந்த வினையான 'நிமன்' அதனிடம் தோற்று மறைந்தது; மரத்துப்போன விரலைச் சொல்லும் 'நம்' என்ற சொல்லில் அதன் எச்சம் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. அதற்காக ஆங்கிலம் ஒன்றும் செத்துப்போகவில்லை.

தோட்டத் தமிழ் தடை என்ற பேச்சுதான் எனக்குக் கோபம் வரவைப்பது. 1987இன் 13ஆவது திருத்தம் தமிழையும் அரசகரும மொழியாக்கி, ஆங்கிலத்தை இணைப்பு மொழி என்று வைத்தது. இணைக்க வேண்டுமானால் இரண்டு கரையும் வேண்டும். ஒரு கரையை மறக்கச் சொல்லிவிட்டு எதோடு எதை இணைப்பது? ஒரே வினை இடத்துக்கு இடம் மாறும் என்பதைப் 'பேர் போடு', 'லீவு போடு', 'சண்டை போடு' என்று பிள்ளை ஏற்கெனவே கையில் வைத்திருக்கிறது. கரும்பலகையில் ஒரு பக்கம் லீவு போடு, மருந்து குடி, பஸ் எடு என்றும், எதிரே மூன்றுக்கும் 'டேக்' என்றும் எழுதிப் போட்டால் போதும். மிச்சத்தைப் பிள்ளைகளே கொண்டுவந்து கொட்டுவார்கள்.

பட்டியல்காரர்களுக்கு ஓர் இடத்தை மட்டும் விட்டுக்கொடுக்கிறேன். டேக், டுக், டேக்கன் என்ற மூன்று வடிவத்துக்கும் குறுக்குவழி கிடையாது. 'எடு' தெரிந்தவருக்கு 'எடுத்தேன்' தானாக வாயில் வரும். 'டேக்' தெரிந்தவருக்கு 'டுக்' வராது, 'டேக்ட்' என்றுதான் வரும். அந்த மூன்று வரிசை அட்டையை வகுப்புச் சுவரிலிருந்து கழற்ற வேண்டாம்.