கணினியும் அடுக்களையும்

வல்வில் ஓரி ஆண்ட கொல்லிமலையிலே சாமை, தினை, கேழ்வரகு ஆகியன நெடுங்காலம் மக்களுக்கு உணவாயின. பின்னர்ப் பணப்பயிரான மரவள்ளி அவை விளைந்த நிலங்களிற் பலவற்றைக் கவர்ந்தது. பயிர் அருகின், அதனைச் சமைக்கும் முறையும் அருகுமன்றோ? ஆதலின் மூதாட்டியரின் கைப்பக்குவத்தைக் கணினியில் தொகுத்து வைத்தல் இளைஞர்தம் கடனாகும்.

1951-இல் மீனாட்சி அம்மாளின் ‘சமைத்துப் பார்’ அச்சேறியது. அச்சுநூலில் ஒரு குறிப்புக்கு இடம் ஒன்றே. கணினியிலோ தானியம், பருவம், விழா என எவ்வழியாகவும் அதனைத் தேடி எடுக்கலாம். ஆயினும், கணினி எழுதிய சொல்லையே தேடும். ‘சிறுதானியம்’ என்று பொதுப்பெயர் மட்டும் இட்டுவைத்தால், சாமையைத் தேடுவோர்க்கு அது அகப்படாது. ‘கைப்பிடி’ என்று பாட்டி கூறின், அச்சொல்லை அழிக்காது, பக்கத்தில் நிறையையும் குறித்தல் நன்று. கையோ ஆளுக்கு ஆள் வேறுபடும்! சாமையை உரலிலிட்டுக் குத்தி உமி போக்கும் முறையையும் விடாது எழுதுதல் வேண்டும். மலைவாழ் மகளிர் பட்ட பெரும்பாடு அதுவே.