காலரா மருந்துக்குக் களமே உரைகல்

காலரா தடுப்பு மருந்துக்கு உலகெங்கும் தட்டுப்பாடு. கொல்லப்பட்ட கிருமிகளால் ஆன மருந்தை இரண்டு தவணை கொடுக்க வேண்டும். கையிருப்பு போதாமல், நோய் பரவும் நாடுகளில் 2022 அக்டோபரில் அது ஒரே தவணையாகக் குறைக்கப்பட்டது. ஆகவே, ஒரே தவணையில் பலன் தரக்கூடிய, வீரியம் குறைத்த உயிருள்ள கிருமி மருந்தின் பக்கம் கவனம் திரும்புவது இயல்புதான். ஆனால், ரத்தத்தில் ஆன்டிபாடி கூடியதை மட்டும் பார்த்து அதை நம்பிவிடக் கூடாது. காலரா குடிகொண்ட ஊர்களில் அது நோயைத் தடுக்கிறதா என்பதே கேள்வி.

அமெரிக்காவின் மேரிலாந்து பல்கலைக்கழகத்தில் உருவான 'சிவிடி 103-எச்ஜிஆர்' மருந்தின் கதையே இதற்குச் சான்று. கொல்கத்தாவில் சம்பு நாத் டே 1959இல் கண்டறிந்த காலரா நச்சின் வீரியப் பகுதிக்கான மரபணுவை வெட்டி நீக்கி இது உருவாக்கப்பட்டது. இதற்கு முந்தைய வடிவங்கள் நச்சு நீக்கப்பட்ட பிறகும் சிலருக்கு லேசான வயிற்றுப்போக்கைத் தந்தன. தன்னார்வலர்களிடம் பொறுமையாகச் சோதித்ததால்தான் அது தெரியவந்தது. பிற்பாடு அமெரிக்கத் தன்னார்வலர்கள் இம்மருந்தைக் குடித்து, பின்னர் உண்மையான காலரா கிருமியையும் விழுங்கினார்கள். பத்தாம் நாளில் பாதுகாப்பு 90 சதவீதம், மூன்று மாதத்தில் சுமார் 80. பயணிகளுக்காக 2016இல் அங்கே அனுமதி கிடைத்தது. ஆனால், 1990களில் வடக்கு ஜகார்த்தாவில் 67,000க்கும் மேற்பட்டோரிடம் இதே கிருமி வகையைச் சோதித்தபோது நான்காண்டுப் பாதுகாப்பு சுமார் 14 சதவீதம்தான். இத்தனைக்கும், கிருமி எண்ணிக்கையைப் பத்து மடங்காக்கினால் அந்நகரக் குழந்தைகளிடம் ஆன்டிபாடி நன்றாகவே கூடுகிறது என்று முன்பே உறுதிசெய்யப்பட்டிருந்தது.

அக்காலத்தில் ஜகார்த்தாவில் காலரா குறைவு, எனவே அந்த முடிவு உறுதியானதல்ல என்று வாதிடுவார்கள். நியாயம்தான், மருந்து தோற்றது என்று அதை வைத்துத் தீர்ப்பெழுத முடியாது. ஆன்டிபாடி எண்ணிக்கை களச் சோதனைக்கு ஈடாகாது என்பதை மட்டும் அது காட்டிவிட்டது. ஏழைக் குழந்தையின் குடல், பயணியின் குடல் அல்ல. ஈக்வடாரில் குடற்புழு நீக்கிய குழந்தைகளிடம் இம்மருந்து கூடுதலான எதிர்வினையைத் தூண்டியது. மைக்ரோனேசியாவின் போன்பே தீவில் 2000இல் கொள்ளைநோய்க்கு நடுவே கொடுத்தபோது சுமார் 79 சதவீதப் பாதுகாப்பு கிடைத்ததாகப் பின்னர் கணக்கிட்டார்கள். நம்பிக்கை தரும் கணக்குதான். ஆயினும் குலுக்கல் முறையில் ஆட்களைப் பிரித்துச் செய்த ஆய்வுக்கு அது இணையாகாது.

களச் சோதனைக்குக் காலமாகும், அதற்குள் மக்கள் மடிவார்கள், சிலருக்குப் போலி மருந்து கொடுப்பது அறமா என்றும் கேட்கலாம். போலி மருந்து தேவையில்லை. இப்போதுள்ள மருந்தோடு புதியதை ஒப்பிடலாம். கொல்கத்தாவின் குடிசைப் பகுதிகளில் ஐந்தாண்டு கண்காணித்துத்தான், இரண்டு தவணை மருந்தின் பாதுகாப்பு 65 சதவீதம் என்று நிறுவினார்கள். செய்யக்கூடிய வேலைதான் அது. இந்தியாவின் 'விஏ 1.4' என்ற உயிருள்ள கிருமி மருந்தும் அதே நகரில் ஆரோக்கியமான பெரியவர்களிடம் சோதிக்கப்பட்டது. அது மட்டும் போதாது. இத்தகைய மருந்துகளுக்கு நிதி தருவோர், குழந்தைகளிடம் நடத்தும் களச் சோதனைக்கான செலவையும் தொடக்கத்திலேயே ஒதுக்க வேண்டும்.