கிறவற் பாதையும் அதன் உரித்தாளரும்

மலைநாட்டின் தேயிலைச் சரிவுகளிலும் வரண்ட வலயத்தின் வாய்க்காற் கரைகளிலும் துவிச்சக்கரவண்டியிற் செல்வது அண்மைக் காலத்தில் ஒரு நாகரிகமாக வளர்ந்து வருகின்றது. பந்தய வண்டியின் வளைந்த கைபிடியும், அகன்ற ரயரும் கொண்ட 'கிறவல் வண்டி' இதற்கெனவே உருவாகியுள்ளது. 2006ஆம் ஆண்டு ஐக்கிய அமெரிக்காவின் கான்சாஸ் மாநிலத்துப் பண்ணைப் பாதைகளில் தொடங்கிய நெடுந்தூரப் பந்தயம் இவ்விளையாட்டுக்குப் பெரிதும் ஊக்கமளித்தது. 2022இல் இத்தாலியில் இதன் முதலாவது உலக வல்லவர் போட்டி நடைபெற்றது. இலங்கையிலோ, ஐரோப்பிய ஒன்றியத்தினதும் அமெரிக்காவினதும் நிதியுதவியோடு, ஹந்தானை தொடங்கி நுவரெலியா வரை 300 கிலோமீற்றருக்கு மேல் நீளும் 'பீக்கோ பாதை' 22 பகுதிகளாக வகுக்கப்பட்டுள்ளது. நடப்போரை முதன்மையாக நோக்கி வகுக்கப்பட்ட இது, தோட்டப் பாதைகள்பால் வண்டியோட்டிகளின் கண்ணையும் திருப்பியுள்ளது.

விளையாட்டு என்ற வகையில் இதனைக் குறைகூற எதுவுமில்லை. புகை கக்காத வண்டியில், தன் கால் வலுவால் மலையேறுபவன் எவருக்கும் தீங்கு செய்வதில்லை. கண்டனத்துக்குரியது வண்டியன்று, அவ்வண்டியோடு கூடவே வந்து சேரும் கருத்தாகும். இப்பாதைகள் ஆளரவமற்றவை, துரைமார் அமைத்து விட்டுச்சென்றவை, பழைமை மாறாத அழகு கொண்டவை என்ற மூன்று கூற்றுகள் சுற்றுலா எழுத்துக்களில் ஓயாது ஒலிக்கின்றன. மூன்றும் பொய்யானவை. இவை அறியாமையிற் பிறந்தவை மட்டுமல்ல, பயன் கருதி வளர்க்கப்படுபவையுமாகும்.

முதலாவதாக, இப்பாதைகளை அமைத்தோர் யாவர்? 1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம், உரித்தை நிலைநாட்ட இயலாத காட்டு நிலங்களை முடிக்குரியனவாகக் கொள்ள வழிசெய்தது. 1848இன் வீதிக் கட்டளைச் சட்டம், வளர்ந்த ஆண்மக்கள் ஆண்டுக்கு ஆறு நாள் வீதி வேலை செய்யவேண்டும், அன்றேல் பணம் செலுத்தவேண்டும் என விதித்தது. அவ்வாண்டின் கிளர்ச்சிக்கு அதுவும் ஒரு காரணமாயிற்று. தோட்டங்களுக்குள்ளே மலையைக் குடைந்து பாதை வெட்டியவர்கள், தென்னிந்தியாவிலிருந்து கடல் கடந்து, மன்னார்க் கரையிலிருந்து மாத்தளை வரை காட்டுவழி நடந்து, வழியிலேயே பலரைப் பறிகொடுத்து வந்து சேர்ந்த தமிழ்த் தொழிலாளர்களாவர். துரை அளவுச் சங்கிலியைப் பிடித்திருக்கலாம். மண்வெட்டியைப் பிடித்த கை வேறு. இங்கிலாந்தில் கால்வாய் வெட்டிய கூலியாளனைக் குறித்த 'நவி' என்ற சொல் ஆங்கில அகராதியில் இன்றும் நிலைத்துள்ளது. ஆனால் மலைநாட்டுப் பாதையை வெட்டியவனுக்கு வழிகாட்டிப் பலகையில் ஒரு வரிதானும் ஒதுக்கப்படுவதில்லை.

இரண்டாவதாக, ஆளரவமற்ற பாதை என்பது யாருடைய பார்வை? விடியலில் மலைக்கேறும் கொழுந்தெடுக்கும் பெண்கள், கொழுந்து மடுவத்துக்குச் சுமையோடு திரும்புவோர், பள்ளிக்கூடம் நோக்கிக் கீழிறங்கும் பிள்ளைகள், மாலையில் விறகு கட்டி வருவோர் ஆகிய அனைவரும் நடப்பது இதே பாதையிலாகும். அவர்களை மனிதராகக் கணக்கிலெடுக்காத கண்ணுக்கே பாதை வெறுமையாகத் தோன்றும். படத்துக்கு வண்ணம் சேர்க்கும்போது மட்டும் கொழுந்துக் கூடையோடு நிற்கும் பெண் தேவைப்படுகின்றாள். பாதையின் உரிமை பற்றிப் பேசும்போது அவள் மறைந்துவிடுகின்றாள்.

மூன்றாவது கூற்றே மிகவும் ஆழ்ந்து நோக்கத்தக்கது. இப்பாதைகள் ஏன் இன்றும் கிறவலாகவே உள்ளன? பழைமையைப் பேணவேண்டும் என எவரும் தீர்மானித்ததனாலன்று. 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைச் சட்டத்தின் 33ஆம் பிரிவு, தோட்டப் பகுதிகளுக்குச் சபைகள் தம் நிதியைத் தங்குதடையின்றிச் செலவிட இடமளிக்கவில்லை. தோட்டத்து மக்களும் அச்சபைகளுக்கு வாக்களித்தனர். எனினும் லயத்துக்குச் செல்லும் பாதையைச் செப்பனிட அச்சபைகளின் கை கட்டப்பட்டிருந்தது. அப்பிரிவு திருத்தப்பட்டது 2018ஆம் ஆண்டிலேயே. ஆகவே, வண்டியோட்டி சுவைக்கும் கரடுமுரடு இயற்கையின் கொடையன்று. அது ஒரு சட்டப் புறக்கணிப்பின் தடயமாகும். அவனுக்கு ஒரு பகல் இன்பம் தரும் அதே குழியில்தான் பிரசவ வேதனையுற்ற பெண்ணை ஏற்றிய வண்டியும் குலுங்கிச் செல்கின்றது.

இத்தாலியின் தஸ்கனிப் பிராந்தியத்தை இங்கே எடுத்துக்காட்டிச் சிலர் மறுப்புரைக்கலாம். அங்கே வெண்ணிறக் கிறவற் பாதைகள் தார் வீதிகளாக மாறி அழிவதைத் தடுக்கும் நோக்கோடு 1997இல் 'எரோய்க்கா' என்ற வண்டியோட்ட விழா தொடங்கப்பட்டது, பாதைகளும் பேணப்பட்டன. கிறவலும் ஒரு மரபுச் செல்வமாகலாம் என்பது உண்மையே. ஆனால் அங்கே அம்முயற்சி அம்மண்ணைச் சேர்ந்தோரிடமிருந்தே எழுந்தது. பேணுவதா, மாற்றுவதா எனத் தெரிவுசெய்யும் நிலையில் இருப்பவன் கிறவலைப் போற்றுவது வேறு. தெரிவே மறுக்கப்பட்டவனின் பாதையைப் பிறர் போற்றுவது வேறு.

வாய்க்காற் கரைகளின் நிலையும் இதனோடு ஒப்பிடத்தக்கது. ஐந்தாம் நூற்றாண்டில் தாதுசேனன் காலத்தில் அமைந்த ஜயகங்கை, கலாவாவியிலிருந்து அநுராதபுரம் வரை ஏறத்தாழ 87 கிலோமீற்றர் ஓடுகின்றது. அதன் முதற் பகுதியின் சரிவு கிலோமீற்றருக்குப் பத்துச் சென்ரிமீற்றர் அளவேயாகும் என்பர். வண்டியோட்டிக்கு அக்கரை மிதிப்பதற்கு இலகுவான சமதரை. கமக்காரனுக்கோ அது நீரைக் காக்கும் அணை. மழை பெய்து நெகிழ்ந்த கரையில் சக்கரங்கள் வரிசையாகச் சென்றால் தடம் பள்ளமாகும். பள்ளத்தில் நீர் தேங்கி மண் அரிக்கும். எனவே எந்தப் பருவத்திற் கரையிற் செல்லலாம் என்பதைக் கமக்கார அமைப்பு தீர்மானிப்பதே முறை.

பாதையுரிமையைச் சட்டமாக்குவது இயலாத செயலன்று. இங்கிலாந்தில் 1932இல் கிண்டர் மலையில் தொழிலாள இளைஞர் தடையை மீறி நடந்தனர். சிலர் சிறை சென்றனர். 1949ஆம் ஆண்டுச் சட்டம் பொதுப் பாதைகளை வரைபடத்திற் பதியுமாறு பணித்தது. 1968ஆம் ஆண்டுச் சட்டம் குதிரைப் பாதைகளில் வண்டியோட்ட உரிமை வழங்கியபோதே, நடப்போருக்கும் குதிரையிற் செல்வோருக்கும் வழிவிடுமாறு வண்டியோட்டியைக் கட்டுப்படுத்தியது. தன் நாட்டில் நடப்பவனை முதன்மைப்படுத்திய இங்கிலாந்து, தன் குடியேற்ற நாட்டில் விட்டுச்சென்றதோ 'தனியார் வீதி' என்ற பலகையாகும். 1972, 1975 ஆகிய ஆண்டுகளின் நிலச் சீர்திருத்தங்களின் பின் பெருந்தோட்ட நிலங்களிற் பெரும்பாலானவை அரசுக்குரியனவாயின. 1992இல் முகாமை மட்டுமே கம்பனிகளிடம் கையளிக்கப்பட்டது. அரச நிலத்தின் பாதையிற் பரம்பரையாக நடப்பவருக்கு உரிமை இல்லையென எந்த நியாயத்தின் பேரிற் கூறமுடியும்?

எனவே வேண்டப்படுவது வண்டிகளைத் தடைசெய்வதன்று. தோட்டப் பாதைகள் பொதுப் பாதைகளாக வரைபடத்திற் பதியப்படல் வேண்டும். லயத்தையும் மருந்தகத்தையும் பள்ளியையும் இணைக்கும் வழிகள் முதலிற் செப்பனிடப்படல் வேண்டும். அதன்பின் எம்மலைப் பாதை கிறவலாக இருக்கலாம் என்பதை அம்மக்களே முடிவுசெய்ய வேண்டும். வழிகாட்டிப் பலகைகளில் தமிழும், தொழிலாளர் தம் வழக்கில் வழங்கும் இடப்பெயர்களும் இடம்பெறல் வேண்டும். வருவாயில் ஒரு பங்கு பிரதேச சபை வழியாக அதே பாதைக்குத் திரும்பல் வேண்டும். இவை சலுகைகளல்ல, இரு நூற்றாண்டு உழைப்பின் நிலுவை. அதனைச் செலுத்தாது அப்பாதையின் அழகை மட்டும் விற்க முனைவோரின் நோக்கத்தை வெளிப்படுத்துவது பல்கலைக்கழகத்தாரின் கடமையாகும்.