பேய் ஊர்கள் என்றொரு பொய்

வட அமெரிக்கப் பிரேரிப் புல்வெளியைப் பற்றித் தமிழில் எழுதப்படும் பயணக் கட்டுரைகளுக்கென்று ஒரு வார்ப்பு உருவாகிவிட்டது. கோடு கிழித்தாற்போல் ஒரு நெடுஞ்சாலை. இருபுறமும் தொடுவானம்வரை கோதுமை. சாய்ந்து நிற்கும் மரக் கோபுரம், சன்னல் உடைந்த வீடு, துருப்பிடித்த டிராக்டர். கட்டுரையாளர் காரை நிறுத்துகிறார்; காற்றின் ஓசையைக் கேட்கிறார்; 'காலம் உறைந்து நிற்கும் ஊர்' என்று எழுதுகிறார். 'பேய் ஊர்' என்ற சொல்லையும் மறக்காமல் சேர்த்துக்கொள்கிறார். அந்த ஊரில் எவரிடமும் அவர் பேசியிருக்கமாட்டார்.

இந்தப் பழியிலிருந்து நாங்கள் விலகி நிற்கவில்லை. கனடாவின் சஸ்காச்சுவான் மாகாணத்தில் 13-ஆம் நெடுஞ்சாலை வழியே வேய்பர்னிலிருந்து மேற்கே ஆல்பர்ட்டா எல்லை நோக்கி நாங்கள் முதன்முறை போனபோது எடுத்த குறிப்புகள் இன்னமும் கையில் இருக்கின்றன. 'மௌனம்', 'சூனியம்', 'பாலை' என்று பக்கத்துக்குப் பக்கம். இரண்டாம் முறை போனபோதுதான் அச்சொற்கள் கூச வைத்தன. அந்தச் சாலைக்குச் சுற்றுலாக்காரர்கள் சூட்டிய பெயர்களில் ஒன்றே 'பேய் ஊர்த் தடம்'. ஆனால் அதே சாலையில் அசினிபோயாவில் கடைத்தெரு இருக்கிறது; பாண்டேயில் இரட்டைக் கோபுரத் தேவாலயம் இருக்கிறது; ஷானவானில் சரக்கு ரயில் ஓடுகிறது. படமெடுப்பவர்கள் இவற்றைத் தாண்டிப்போய் ராப்சார்ட்டின் பாழ்வீடுகளுக்கு முன்னால்தான் நிற்கிறார்கள்.

எங்கள் குற்றச்சாட்டு எளிமையானது. இவ்வூர்களைக் காலம் அழிக்கவில்லை. குறிப்பிட்ட ஆண்டுகளில், குறிப்பிட்ட மேசைகளில் கையெழுத்தான முடிவுகள் அழித்தன. அந்தக் கையெழுத்துகளை மறைத்துவிட்டு 'காலம்' என்று எழுதுவது அழகியல் அல்ல, பொய்ச்சாட்சி.

அந்த மரக் கோபுரத்தையே எடுத்துக்கொள்வோம். எலிவேட்டர் எனப்படும் தானியக் கிடங்கு அது. விவசாயி வண்டியில் கொண்டுவரும் கோதுமையை எடைபோட்டு, தரம் பிரித்து, உயரே ஏற்றிச் சேமித்து, ரயில் பெட்டியில் இறக்கும் இயந்திரம். குதிரை வண்டியில் வந்தவன் அன்றே வீடு திரும்பவேண்டும் என்பதால் ரயில்பாதையில் எட்டு, பத்து மைலுக்கு ஒன்றாக எழுந்தது. அதைச் சுற்றித்தான் ஊரே முளைத்தது. 1930களில் கனடாவின் பிரேரி மாகாணங்களில் இத்தகைய கோபுரங்கள் ஐயாயிரத்துக்கும் மேல் இருந்தன. நம் கட்டுரையாளர்கள் இதைக் 'புல்வெளியின் தேவாலயம்' என்று ஆங்கிலத்திலிருந்து கடன்வாங்கி உருகுகிறார்கள். யாருடைய தேவாலயம்? எடையிலும் தரத்திலும் தாங்கள் ஏமாற்றப்படும் இடம் என்று விவசாயிகள் கொதித்தது இந்தக் கோபுரங்களின் வாசலில்தான். ரயில் பெட்டி ஒதுக்கீட்டில் நடந்த ஓரவஞ்சனைக்காக, சிண்டலூட்டா என்னும் சிற்றூரில், வல்லமை மிக்க கனேடியன் பசிபிக் ரயில் நிறுவனத்தின் முகவர்மீது 1902-இல் வழக்குத் தொடுத்து வென்றார்கள். பின்னர் 1920களில் 'சஸ்காச்சுவான் வீட் பூல்' என்ற கூட்டுறவு அமைப்பைத் தாங்களே உருவாக்கி, கோபுரங்களைத் தாங்களே கட்டி, தங்கள் பெயரை அவற்றின் நெற்றியில் எழுதினார்கள். புகைப்படத்தில் மங்கலாகத் தெரியும் அந்த எழுத்துகள் ஒரு போராட்டத்தின் கையொப்பம். அதைப் படிக்காமல் வண்ணம் உதிர்ந்த அழகை மட்டும் படிக்கிறோம்.

அந்தக் கூட்டுறவு 1996-இல் பங்குச் சந்தைக்குப் போனது. 2007-இல் போட்டி நிறுவனமொன்றை விழுங்கி விட்டெரா ஆனது; 2012-இல் கிளென்கோர் கைக்குப் போனது; 2025-இல் பங்கி நிறுவனத்துடன் இணைந்தது. இடையில் இன்னொன்றும் நடந்தது. தானியத்துக்கான ரயில் கட்டணத்தைக் கட்டுக்குள் வைத்திருந்த ஏற்பாடு 1897-இன் குரோஸ் நெஸ்ட் ஒப்பந்தத்திலிருந்து தொடர்ந்து வந்தது. 1995-இல் கூட்டாட்சி அரசு அதன் கடைசி மானியத்தையும் நிறுத்தியது. கட்டணச் சுமை விவசாயியின் தலையில் ஏறியது. கிளைப் பாதைகள் பெயர்க்கப்பட்டன. மரக் கோபுரங்கள் இடிக்கப்பட்டு, தூரத்தில் கான்கிரீட் முனையங்கள் எழுந்தன. லாரி அங்கே போயிற்று. லாரியோடு டீசல், கடைக்காசு, பள்ளிப்பிள்ளை எல்லாமும் போயின. வறட்சியும் 1930களின் புழுதிப் புயலும், பெரிதாகிக்கொண்டே போன பண்ணைகளும் தம் பங்கை ஆற்றின, மறுக்கவில்லை. ஆனால் புயலுக்கு மட்டும் பெயர் வைத்துவிட்டு, சட்டத்தைப் பெயரில்லாமல் விட்டுவிடுவது ஏன்?

முல்லையும் குறிஞ்சியும் தம் இயல்பு திரிந்து பாலையாகும் என்பது நம் மரபு. திரிவதற்கு அங்கே காரணம் சொல்லப்பட்டது. 'பாலை' என்ற சொல்லை மட்டும் உருவிக்கொண்டு காரணத்தைக் கைவிட்டவர்கள் நாம்தான்.

நிற்க. நாங்கள் கிளம்பிய வேய்பர்ன் ஊருக்கு ஒரு பெருமை உண்டு. கனடாவின் பொது மருத்துவக் காப்புறுதிக்கு வித்திட்ட டாமி டக்ளஸ் அங்கே பாப்டிஸ்ட் போதகராக இருந்தவர். அவருடைய அரசு 1947-இல் மாகாணம் முழுமைக்கும் மருத்துவமனைக் காப்புறுதி கொண்டுவந்தது. அவருடைய கட்சியின் வாரிசான அரசே, கடன் சுமையைக் காட்டி, 1993-இல் 52 கிராமப்புற மருத்துவமனைகளின் கதவைச் சாத்தியது. இந்த முரணில் ஒரு நாவலே இருக்கிறது. நம்மவர்கள் அதைவிட்டுச் சிலந்திவலை பற்றி எழுதுகிறார்கள்.

இலக்கிய வாசகர்கள் இவ்வளவு தூரம் வந்ததற்கு ஈஸ்டெண்டில் நிறுத்தவேண்டும். வாலஸ் ஸ்டெக்னர் 1914 முதல் 1920 வரை சிறுவனாக வாழ்ந்த ஊர். 1962-இல் வெளியான 'வுல்ஃப் வில்லோ' நூலில் இவ்வூருக்கு வைட்மட் என்று பெயர் மாற்றினார். அவர் வாழ்ந்த வீடு இன்று எழுத்தாளர்கள் தங்கி எழுதும் இல்லமாக இருக்கிறது. ஸ்டெக்னர் வெற்று ஏக்கக்காரர் அல்லர். குடியேற்றத்தின் தோல்வியை, தன் குடும்பத்தின் தோல்வியோடு சேர்த்துக் கூசாமல் எழுதியவர். ஆனாலும் அவருடைய எழுத்தில் இம்மண்ணின் பூர்வகுடிகள் முடிந்துபோன வரலாறாகவே நிற்கிறார்கள் என்று, சமவெளிப் பூர்வகுடி அறிஞரான எலிசபெத் குக்-லின் 1996-இல் ஒரு நூலின் தலைப்பிலேயே கண்டித்தார். அந்தக் கண்டனம் செல்லும் என்றே கருதுகிறோம். அதே ஸ்டெக்னர் வீட்டில் தங்கப்போய், அவ்வூரிலேயே தனக்கும் ஒரு வீடு வாங்கிக்கொண்ட கேண்டஸ் சாவேஜ், 2012-இல் எழுதிய நூலுக்கு 'ரத்தத்தின் புவியியல்' என்று பொருள்படத் தலைப்பிட்டார். அருகிலுள்ள சைப்ரஸ் குன்றுகளில் 1873-இல் நக்கோடா மக்கள் கொல்லப்பட்டனர். காட்டெருமைகள் அழிந்தபின் பசியோடு வால்ஷ் கோட்டையைச் சுற்றிக் கூடியவர்களை, உணவுப் பங்கீட்டை நிறுத்தி, 1880களின் தொடக்கத்தில் அரசு வடக்கே விரட்டியது. 160 ஏக்கர் நிலம் பத்து டாலர் பதிவுக் கட்டணத்துக்குக் கிடைத்தது இந்தக் காலியாக்கலுக்குப் பிறகுதான். ஆகவே இப்புல்வெளியை 'இயற்கையான வெறுமை' என்பவர் ஒரு பொய்யின்மீது இன்னொரு பொய்யை அடுக்குகிறார். இரண்டு காலியாக்கல்களும் ஒரே தட்டில் வைக்கத் தக்கவை அல்ல. பட்டினி போட்டு விரட்டுவதும் ரயிலை நிறுத்துவதும் ஒன்றாகிவிடாது. ஆனால் இரண்டையும் மறைப்பது ஒரே சொல். விரட்டப்பட மறுத்து அக்குன்றுகளிலேயே தங்கிவிட்ட நெகனீட் மக்கள் இன்றும் அங்கே வாழ்கிறார்கள். 'ஆளரவமற்ற' என்று எழுதும் பேனா அவர்களையும் சேர்த்தே அழிக்கிறது.

சொல்லில் என்ன இருக்கிறது என்று கேட்கும் நண்பர்களுக்கு 2017-ஐ நினைவூட்டுகிறோம். அவ்வாண்டு மார்ச் மாத நிதிநிலை அறிக்கையில் சஸ்காச்சுவான் அரசு இரண்டு காரியங்கள் செய்தது. 1946 முதல் ஓடிக்கொண்டிருந்த மாகாண அரசின் பேருந்து நிறுவனத்தை மூடுவதாக அறிவித்தது. நூலகங்களுக்கான நிதியைப் பெருமளவு வெட்டியது. சிற்றூர்க்காரர் நகரத்துச் சிகிச்சைக்குப் போனது அந்தப் பேருந்தில். பயணிகள் குறைந்துவிட்டார்கள், ஓட்டினால் நட்டம் என்பது அரசின் வாதம். 'அங்கே யார் இருக்கிறார்கள்?' என்பதன் கணக்கு வடிவம்தான் அது. அடுத்த மாதம் மக்கள் சட்டமன்ற உறுப்பினர்களின் அலுவலக வாசல்களில் கூடினார்கள். முழக்கமிடவில்லை, புத்தகத்தைத் திறந்து வாசித்துக்கொண்டு நின்றார்கள். சில வாரங்களில் நூலக நிதி திரும்பக் கிடைத்தது. பேருந்து திரும்பவில்லை, மே 31 அன்று கடைசியாக ஓடி நின்றது. வாசிப்பையே போராட்டமாக்கி வென்ற மக்களைப் பற்றி, வாசிப்பைப் பற்றி இவ்வளவு பேசுகிற நாம் ஒரு பத்திகூட எழுதவில்லை. பேய்கள் நூலக அட்டை வைத்திருப்பதில்லை என்று எண்ணிவிட்டோம் போலும்.

இன்னொன்று, நம் சமையலறை தொடர்பானது. இந்தியாவில் மசூர் பருப்பென்றும் இலங்கையில் மைசூர்ப் பருப்பென்றும் வழங்குவதில் பெரும்பங்கு விளைவது இந்த மாகாணத்தில்தான். 2017-இன் இறுதியில் இந்திய அரசு பட்டாணிக்கும் பருப்புக்கும் இறக்குமதி வரி விதித்தபோது இச்சாலையோரப் பண்ணைகளில் அடுத்த விதைப்பின் கணக்கே மாறியது. நம் தட்டுக்கு உணவு அனுப்புகிறவரை 'பேய்' என்று அழைப்பது, மற்றதெல்லாம் போகட்டும், மரியாதைக் குறைவு.

ஷானவான் ரயிலை முன்பே குறிப்பிட்டோம். கைவிடப்படவிருந்த பாதையை 2004-இல் அப்பகுதி விவசாயிகளும் உள்ளாட்சிகளும் பணம் திரட்டி வாங்கினார்கள். கிரேட் வெஸ்டர்ன் ரயில்வே என்ற பெயரில் இன்றும் அது தானியம் சுமக்கிறது. எங்கள் இரண்டாம் பயணத்தில் ஒரு கடவையில் அந்த வண்டிக்காகக் காத்து நின்றோம். எங்களுக்கு முன்னால் நின்ற காரிலிருந்து ஒருவர் கேமராவோடு இறங்கினார். ரயில் மெல்ல ஊர்ந்து கடந்து முடியும்வரை பொறுமையாக நின்றார். கடைசிப் பெட்டி போனதும் கேமராவை உயர்த்தி, தண்டவாளத்துக்கு அப்பாலிருந்த இடிந்த கொட்டகையைப் படமெடுத்தார்.